மஞ்சளுக்கு நின்றது ஒரு குற்றமா?

புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் இன்றைக்கு மஞ்சள் விழுந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். செய்தது அவ்வளவுதான்.

பின்னால் ஒரு மஞ்சள் போர்டு வேன். நான் பிரேக்கைப் பிடித்ததுதான் தாமதம், ஹாரன் ஆரம்பித்துவிட்டது. சிவப்பும் விழுந்தாயிற்று, அப்போதும் ஹாரன். குறுக்கே விழுப்புரம் பஸ் கிளம்பி ஊர்ந்து போகிறது, இன்னும் ஹாரன். நான் என்ன, அந்த பஸ்ஸுக்கு அடியில் புகுந்து போகணுமா? கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கை ஹாரனில், இன்னொரு கையில் செல்போன். ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். அப்புறம் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்பா, மஞ்சள்தானே விழுந்துச்சு? போக வேண்டியதுதானே?"

"மஞ்சள்னா நிக்கணும்ணே."

"முதல்ல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு வா."

பக்கத்தில் ஒரே ஸ்கூட்டியில் முழுக் குடும்பம். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் நின்றபடி இன்னொன்று. ஒருவர் தலையிலும் ஹெல்மெட் கிடையாது. அந்த அப்பா வேன்காரர் சொன்னதற்குத் தலையாட்டுகிறார்! முன்னால் நின்ற பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மஞ்சளுக்கு நிற்கிற மனுஷனை அது அதுவரை கண்டதே இல்லை போல.

2017-ல் வந்த ஓட்டுநர் விதிமுறையில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் எரிந்தால் நிற்க வேண்டும். கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டு, பத்திரமாக நிறுத்த முடியாது என்றால் மட்டும்தான் போகலாம். நம் ஊரிலோ அந்த மூன்று நான்கு வினாடியை ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் மாதிரி நினைத்து ஓடி வருகிறார்கள். எங்கேயோ தூரத்தில் தேமே என்று வருகிறவன்கூட மஞ்சளைக் கண்டதும் முறுக்குகிறான். காரணமில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியதும் நடந்தது. அதை மட்டும் ஒழுங்காக வசூலித்திருந்தால், அந்தச் சிலைக்கு மேலே எப்போதோ மேம்பாலம் கட்டி முடித்திருக்கலாம்.

வானிலைக்காரர்கள் விடுகிற மஞ்சள் எச்சரிக்கைக்கும் இதே மரியாதைதான். கனமழை, அதாவது ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டலாம், கவனமாக இருங்கள் என்கிறார்கள். "ரெட்டா? இல்லையா? மஞ்சள்தானா, வாடா பீச்சுக்கு" என்று கிளம்புகிறார்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் கொட்டி ஊரை முக்கி எடுத்தது. அதற்குப் பிறகும் இந்தப் பேச்சு.

மஞ்சளைக் கண்டால் ஜனங்கள் ஒழுங்காக நிற்கிற ஒரே இடம், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கிற ஒயிட் டவுன்தான். ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் ஒரு மஞ்சள் சுவர் கண்ணில் பட்டால் போதும், வாடகை ஸ்கூட்டரை நட்டநடு ரோட்டில் போட்டுவிட்டுச் சாய்ந்து நின்றுவிடுவார்கள். மேலே காகிதப்பூ, கீழே கூலிங் கிளாஸ். நாம் ஹாரன் அடித்தால், "ஒன் மினிட் அண்ணா." அந்த ஒரு மினிட்டில் மூன்று சிக்னல் மாறிவிடும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கத்தினால், வீட்டம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொல்கிறாள்: "அந்த மஞ்சளை விடுங்க. நம்ம ரேஷன் கார்டு மஞ்சளா இருக்கே, அதைச் சிவப்பா மாத்த வழி பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொல்வதும் சரிதான். இங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு கார்டு, மற்றவர்களுக்கு மஞ்சள். சிவப்பு கார்டுக்கு 20 கிலோ அரிசி கொடுத்த காலத்திலும் மஞ்சளுக்கு 10 கிலோதான். எதிர் வீட்டில் மாடி எழும்புகிறது, வாசலில் கார் நிற்கிறது, இரண்டு ஏசி ஓடுகிறது, கார்டு சிவப்பு. எப்படி சார் வாங்கினீங்க என்று கேட்டால், "எல்லாம் ஒரு முயற்சிதான்" என்கிறார்.