அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்

1984 செப்டம்பரில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் புரட்சிச் சதுக்கத்தில் நடந்த, பேரரசரைக் கவிழ்த்த புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா அணிவகுப்பை உங்கள் இதழின் கட்டுரையாளர் வாய்பிளந்து வர்ணித்திருக்கிறார். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த நானும் பார்த்தேன். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் படங்கள் பிரம்மாண்டம்தான்; டாங்கிகள் போனபோது தரை அதிர்ந்ததும் உண்மைதான். ஆனால் ஜனம் தானாகத் திரண்டது என்கிறாரே, அதுதான் இடிக்கிறது. எங்கள் தெருவில் கெபெலே என்ற வட்டாரச் சங்கத்து ஆள் வீடுவீடாகப் பெயர் சரிபார்த்துத்தான் கூட்டிப்போனார். கொடிக்கம்போடு விடியலிலிருந்து நின்ற என் மாணவன் ஒருவனுக்கு மதியம் ரொட்டி கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். வடக்கே வொல்லோ மாகாணத்திலிருந்து வந்திருக்கும் பாட்டிக்காம். அப்போது வொல்லோவில் கொடும் பஞ்சம். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே, ஐயா?