சம்பளச் சீட்டை மேசைமேல் வையுங்கள்

15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களிலும் நிரந்தரவாசிகளிலும் 97.1 விழுக்காட்டினருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்கிறது 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏதாவது ஒரு மொழி தெரிந்தாலே இந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். தமிழ் முரசு நாளிதழை வரி விடாமல் வாசிக்கும் அக்கா ஒருவர், பலதுறை மருந்தகத்தில் கொடுத்த, ஆங்கிலத்தில் எழுதிய மாத்திரை உறையைப் பேரனிடம் நீட்டி "என்ன போட்டிருக்கு பாருய்யா" என்று கேட்கிறார். அவரும் இந்த 97.1-இல் அடக்கம்.

இப்படிப்பட்டவர்களுக்கு வார இறுதியில் ஆங்கில வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர முன்வருகிறவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தொடக்கநிலை ஒன்றின் பயிற்சித்தாளை நகலெடுத்து ஐம்பது வயதுக்காரர் முன்னால் வைக்காதீர்கள். அது அவரைச் சின்னப் பிள்ளையாக்குகிறது. அதைவிட முக்கியம், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அது பார்ப்பதே இல்லை.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் கலிஃபோர்னியாவில் சாதாரண மக்கள் கடையில் சாமான் வாங்கும்போது எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஆராய்ந்து, 1988இல் வெளியிட்டார். எது மலிவு என்று கடையில் போட்ட கணக்கில் 98 விழுக்காடு சரி. அதே ஆட்களைத் தாளும் பேனாவுமாக உட்காரவைத்தபோது சராசரி 59தான். தேக்கா சந்தையில் மீனைக் கையில் தூக்கியே விலையைச் சொல்லிவிடும் நம் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நம் பள்ளிகளில் 1980களிலிருந்தே கணக்கை முதலில் பொருளாகவும் பிறகு படமாகவும் கடைசியில் எண்ணாகவும் சொல்லித்தருகிறார்கள். உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து வந்த முறை இது. உலகமே நம்மிடம் வந்து கற்றுக்கொண்டு போகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இந்த வழியைப் பெரியவர்களுக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறோம்?

துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்காவோடு இதைச் செய்து பார்த்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டாதவர். அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி, அந்த மாதம் ஓடி, அதாவது கூடுதல் நேர வேலை, இல்லை. சம்பளச் சீட்டை மேசையில் வைத்து, பக்கத்தில் நீளமாக ஒரு பட்டை வரைந்து பத்துக் கட்டமாகப் பிரித்தோம். ஒரு கட்டம் 200. சிபிஎஃப் எனும் மத்திய சேமநிதிக்கு அவர் பங்கு 20 விழுக்காடு, அதாவது இரண்டு கட்டம். 400 போக 1,600. சீட்டிலும் சிபிஎஃப் பிடித்தம் அதே 400தான். அப்புறம் நான் கேட்காமலே முதலாளியின் 17 விழுக்காட்டுக்குப் போய்விட்டார். ஒரு கட்டம் 200, அரைக் கட்டம் 100, மிச்சம் இரண்டு விழுக்காட்டுக்கு 40. "340 தம்பி. சரியாத்தான் போட்டிருக்கான்." இத்தனை வருடமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த தாளை அவரே சரிபார்த்தார். விவரங்களோடு கூடிய சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து இங்கே சட்டப்படி கட்டாயம். ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு அந்தச் சட்டம் பாதிதான் உதவும்.

வாசிப்புக்கும் இதே வழிதான். அவர் தன் வேலையைப் பற்றி வாயால் சொல்லட்டும். அதை எளிய ஆங்கிலத்தில் நான்கைந்து வரி எழுதிக்கொடுங்கள். தான் சொன்ன சேதி என்பதால் பொருள் தெரியும், எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். அதற்காக ஊகித்தே வாசிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. தமிழில் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும். ஆங்கிலத்திலோ ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். எந்த எழுத்துக்கூட்டம் எப்படி ஒலிக்கும் என்று வரிசையாக, வெளிப்படையாகச் சொல்லித்தரத்தான் வேண்டும்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. போன வாரப் பாடத்தை நீங்களே திரும்ப விளக்காதீர்கள். தாளை மூடிவைத்து, அவரையே நினைவிலிருந்து சொல்லவிடுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் நாள்பட மனத்தில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு வாரம் ஒருமுறை மூன்று மணிநேரம் வேண்டாம். அரை அரை மணிநேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் அழைப்பிலும் நடத்தலாம்.

சொல்லித்தரக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் புத்தகம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். "அக்கா, புரியாம வச்சிருக்கிற தாள் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். நகர மன்றக் கடிதம், மருந்து உறை, மின்கட்டண ரசீது, எதுவானாலும் சரி. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.