பினாங்கில் எங்கே தங்குவது?

மலேசியாவில் பினாங்கு தீவுக்குப் போகிறோம், பழைய நகரமான ஜார்ஜ் டவுனில் தங்கலாமா, பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் அறை போடலாமா என்று இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், பழைய நகரத்துக்குள்ளேயே தங்குங்கள். ஆனால் எந்தத் தெரு என்று பார்த்துப் போடுங்கள்.

முதல் இரண்டு இரவு நான் இருந்தது ஆர்மேனியன் தெருவுக்குப் பக்கத்தில், கடைவீட்டைப் புதுப்பித்து நடத்தும் ஒரு விடுதி. நடுவில் வானம் தெரியும் முற்றம், பூப்போட்ட பழைய தரை ஓடுகள், செங்குத்தான மரப்படி. படத்தைப் பார்த்து மயங்கிப் போட்ட அறைக்கு ஜன்னலே இல்லை. கடைவீடு என்பது கீழே கடை, மேலே வீடு என்று முகப்பு குறுகி, உள்ளே நீளமாகப் போகும் கட்டடம். நடு அறைகளுக்கு வெளிச்சம் முற்றத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால் ஜன்னல் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூட்டுவலி உள்ள பெற்றோரோடு போனால் கீழ்த்தளம்தான்.

அறையைவிட இரவுதான் என்னை உறுத்தியது. பகலெல்லாம் 2012-ல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் கூட்டம். ஒன்பது மணிக்கு மேல் மாடி ஜன்னல்கள் வரிசையாக இருட்டு. வாடகைக் கட்டுப்பாட்டை 1997-ல் ரத்து செய்து சட்டம் போட்டார்கள், 2000 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்களும் கைத்தொழில்காரர்களும் காலி செய்ய வேண்டியதாயிற்று. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. யாரோ சமைத்துச் சாப்பிட்டுக் குடித்தனம் நடத்திய அறையில்தான் படுத்திருக்கிறேன் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் லிட்டில் இந்தியா பக்கம், லெபோ பாசாருக்கு மாறினேன் (லெபோ என்றால் மலாயில் தெரு). விடியும்முன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கு. 1801-லிருந்து அங்கே இருக்கும் பள்ளி அது, கட்டியவர்கள் நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். கொஞ்ச நேரத்தில் லெபோ குயின் மாரியம்மன் கோயில் மணி. ஐந்தடி நடைபாதையில் ஒரு அம்மா பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் நார் மாட்டியிருந்தது, கண் என் மேல் இருந்தது, கை நிற்கவே இல்லை.

“எந்த ஊரு தம்பி?”

“திருச்சிங்க.”

“எங்க தாத்தா ராம்நாட்டுப் பக்கம்.”

கடைப் பாட்டு இரவுவரை அலறும். சத்தம் ஆகாதவர்களுக்கு ஒத்துவராது. எனக்கு ஆள் வாழும் தெரு வேண்டும், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஊர் சுற்றவும் இதுவே வசதி. படகுத்துறையிலிருந்து பினாங்கு மலைக்கு 204-ஆம் எண் பஸ், பத்து ஃபெரிங்கிக்கு 101. ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெரியில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம்.

அறை போடும்முன் அந்தத் தெருவில் மளிகைக் கடை, தையல் கடை இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். குடியிருப்பு வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்களிடம் போகாமல் முறையான விடுதியாக எடுங்கள். காலை உணவு சேர்க்காத கட்டணமே போதும். படியிறங்கினால், நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை வீசித் தட்டும் சத்தம் கேட்கும், அங்கே போய் உட்காருங்கள்.