திடீர்க் குழப்பம் 'மலைக்குளிர் மறதி' இல்லை

ஊட்டி, கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: வயதானவர்கள் திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் அது குளிரால் வரும் மறதி, சுக்குக் காபி கொடுத்துப் படுக்க வையுங்கள், சரியாகாவிட்டால் சில நாள் கழித்துக் கோவையில் நரம்பு டாக்டரைப் பார்க்கலாம் என்று. இது தவறு.

மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாக வருவது. நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று பேரனைத் தெரியாமல் விழித்தால் உடம்பில் வேறு ஏதோ கோளாறு என்று அர்த்தம், இந்தத் திடீர்க் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை இறங்குவது, சோடியம் குறைவது (சில பிரஷர் மாத்திரைகளாலும் குறையும்), புதிய தூக்க மாத்திரை, விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு, எதுவாகவும் இருக்கலாம். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அப்புறம், மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் புத்தியைக் குழப்பும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதைக் காட்டாது. அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் காபி ஊற்றினால் புரையேறும், அது தனி வம்பு.

முதலில் 108. பக்கத்து மருத்துவமனை அவசரப் பிரிவில் சர்க்கரை, சோடியம், சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகு நரம்பியலா, முதியோர் மருத்துவமா என்று அங்குள்ள மருத்துவரே சொல்வார். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எப்போதிலிருந்து இப்படி என்று சொல்லத் தெரிந்தவர் கூடப் போகட்டும்.

சந்தேகமிருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ல் கேளுங்கள். மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல்கள் தரும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2010-ல் வெளியிட்ட டெலிரியம் வழிகாட்டுதலும் இணையத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.