ஜானி கேஷ் ஜெயில் கைதியா இருந்தாரா?
அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷோட 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' பாட்டைப் பத்தி ஒருத்தர் 'ஜானி கேஷ் கலிஃபோர்னியாவுல ஃபோல்சம் ஜெயில்ல பல வருஷம் கிடந்தவர், அங்கயே எழுதுன பாட்டுதான் அது'ன்னு போட்டிருக்கார், அதுக்கு இருநூறு லைக் வேற. அது தப்புங்க. மனுஷன் ஒருநாள் கூட தண்டனைக் கைதியா இருந்ததில்ல. அந்தப் பாட்டை எழுதுனப்போ அமெரிக்க விமானப்படைல இருந்தார், ஜெர்மனில லாண்ட்ஸ்பெர்க்ல, காதுல ஹெட்ஃபோன் மாட்டி ரஷ்யாக்காரங்க மோர்ஸ் கோட்ல (தந்திக்கான புள்ளி, கோடு சங்கேத முறை) அனுப்புற செய்திகளை ஒட்டுக்கேட்கிற வேலை. ஃபோல்சம் பத்தின ஒரு படம் பார்த்துட்டு எழுதுனது, 1955ல ரெக்கார்டா வந்துச்சு. ஜெயிலுக்குள்ள பாடி பதிவு பண்ணது 1968 ஜனவரில, அதுவும் பாட வந்த ஆளா.

லாக்கப்ல ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி இருந்திருக்கார், அது நிஜம். 1965ல எல் பாசோ ஏர்போர்ட்ல கிட்டார் பெட்டிக்குள்ள ஆயிரத்துக்கும் மேல மாத்திரையோட மாட்டுனார், அதே வருஷம் மிசிசிப்பி மாநிலத்து ஸ்டார்க்வில் ஊர்ல யார் வீட்டுத் தோட்டத்துலயோ ராத்திரில பூ பறிச்சு மாட்டுனார் (பூ பறிச்சதுக்கா கைதுன்னு கேட்காதீங்க, குடிச்சிருந்தாராம்).

அந்தப் பதிவு போட்டவர் கேஷை மெர்ல் ஹேகர்ட்ங்கிற இன்னொரு பாடகரோட குழப்பிக்கிறார்னு நினைக்கிறேன், கலிஃபோர்னியாவுல சான் குவென்டின் ஜெயில்ல நிஜமாவே கைதியா இருந்தவர் ஹேகர்ட்தான், கேஷ் அங்க வந்து பாடினப்போ கூட்டத்துல உட்கார்ந்து கேட்டவரும் அவரே.