வர்ற போனுக்கு எதுக்குத் துட்டு?

எங்கள் குடும்பத்தில் மொத்தம் ஆறு சிம். ஆறுக்கும் ரீசார்ஜ் போடுவது என் வேலை. எல்லாம் 28 நாள் கணக்கு என்பதால் முடிகிற தேதி மாதாமாதம் நழுவிக்கொண்டே போகும். மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வருடத்துக்கு மாதம் 12, ரீசார்ஜ் 13. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை, கெட்டிக்காரர்.

ஆறில் ஒன்று அம்மாவுடையது. கோவில்பட்டி பக்கம் ஊரில் தனியாக இருக்கிறார். பட்டன் போன். யாருக்கும் அவராக போன் செய்வதில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுப்பார், அவ்வளவுதான். போன வாரம் நான் ரீசார்ஜ் போட்டதைச் சொன்னதும் எவ்வளவு என்று கேட்டார். இருநூறை ஒட்டி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஏய்யா, நான் யாருக்கு போன் போடுதேன்? வாற போனுக்கு எதுக்குத் துட்டு?” என்றார்.

பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. ஏனென்றால் செல்போன் கம்பெனிகள் சில வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்: நெட்வொர்க் செலவு ஏறிக்கொண்டே போகிறது, இதை யார் கட்டுவது?

செலவு ஏறுவது பொய்யில்லை. 2014 வாக்கில் 1 ஜிபி டேட்டா 250 ரூபாய்க்கு மேல் விற்றது. 100 எம்பி வாங்கி, வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்த காலம் அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மாதக்கணக்கில் இலவசமாகக் கொட்டியது. இன்று இந்தியாவில் ஒரு சராசரி டேட்டா வாடிக்கையாளர் மாதத்துக்கு 20 ஜிபிக்கு மேல் இழுக்கிறார். இத்தனையும் காற்றில் வந்தாலும் காற்றிலேயே விளைவதில்லை. டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட், கரண்ட் போனால் டீசல், டவரிலிருந்து ஊருக்கு வெளியே ஃபைபர், எல்லாவற்றுக்கும் மேலே, சிக்னல் காற்றில் போக அரசாங்கம் ஏலம் விடும் அலைக்கற்றை. 2022 ஏலத்தில் மட்டும் அலைக்கற்றை 1,50,173 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் ஜியோ 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி.

யாராவது இதைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது பார்த்தோமே. டவர் வாடகைப் பாக்கி ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். ஒரு நாள் காலையில் பாதித் தமிழ்நாடு சிக்னல் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பரை மாற்ற வழி தேடிக் கடை கடையாக அலைந்தது. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஆகவே ‘கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான்’ என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கம்பெனிகள் கைகாட்டும் ஆள் யார்? யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், ஃபேஸ்புக் மாதிரியானவர்கள். நெட்வொர்க்கில் ஓடும் டேட்டாவில் பெரும்பகுதி நாலைந்து பெரிய நிறுவனங்களுடையது, அவர்கள் எங்கள் சாலையில் லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறார்கள், சாலைக்கு ஒரு பைசா தருவதில்லை, எனவே அவர்கள் பங்கு தர வேண்டும் என்று செல்போன் கம்பெனிகளின் சங்கமான சிஓஏஐ தொடர்ந்து சொல்லி வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி, கொழுத்த லாபம், கொடுக்கட்டுமே.

நம்மூர் ஆட்டோவை நினைத்துப் பாருங்கள். எக்மோரில் இறங்கி ஒரு லாட்ஜ் பேரைச் சொல்கிறோம். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் போட்டு நம்மிடம் வாங்குகிறார். அதே சவாரிக்கு லாட்ஜிலும் கமிஷன் வாங்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? கமிஷன் தராத லாட்ஜ் பேரைச் சொன்னால், “அது நல்லா இருக்காது சார், ரூம் இருக்காது” என்பார். கமிஷன் தரும் லாட்ஜோ அந்தக் காசை ரூம் வாடகையில் ஏற்றிவிடும். கடைசியில் இரண்டு பக்கமும் கொடுப்பது பெட்டியோடு நிற்கிற நாம்தான்.

யூடியூப் தானாக வந்து என் போனில் கொட்டுவதில்லை. நான் தொட்டால்தான் வருகிறது. அப்படித் தொடுவதற்குத்தான் நான் மாதா மாதம் கட்டுகிறேன். போதாததற்கு நெட்ஃபிளிக்ஸ் 2012 முதலே தன் படங்களைச் சேமித்து வைத்த பெட்டிகளைத் தன் செலவில் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் கட்டடத்திலேயே வைக்கக் கொடுக்கிறது. கூகுளும் அப்படித்தான். நாம் பார்க்கும் வீடியோ ஒவ்வொரு முறையும் கடல் தாண்டி வருவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் தெரு டவர் வரைக்கும், டவரிலிருந்து போன் வரைக்கும் உள்ள தூரம் கம்பெனியின் செலவுதான். அதை மறைக்கவில்லை.

இதைச் செய்து பார்த்த நாடு தென்கொரியா. அங்கே 2016இல், இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்குள், டேட்டாவை அனுப்புகிற நிறுவனம் வாங்குகிற நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் செலவு கடைசியில் வீடியோ காட்டுகிறவர்கள் தலையில் விழுந்தது. வீடியோ கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் 2022இல் அங்கே மட்டும் வீடியோவின் தரத்தைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் கடையையே மூடிக்கொண்டு போய்விட்டது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் கட்டணம் என்று காரணம் சொன்னது. இதே கட்டணத்துக்காக நெட்ஃபிளிக்ஸுக்கும் அந்நாட்டு இணைய இணைப்பு நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டுக்கும் நடந்த வழக்கு 2023 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பாவிலும் இந்தப் பேச்சு எழுந்தது; அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பு, இப்படி ஒரு கட்டணத்துக்கு ஆதாரம் போதாது என்று 2022இலேயே சொன்னது.

நமக்கும் இது பழைய கதை. 2014 டிசம்பரில் இணையம் வழியே பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்துப் பின்வாங்கியது. மறு வருடம், இப்படிப் பாகுபாடு கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின, அதில் என்னுடையதும் ஒன்று. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை கூடாது என்று டிராய் விதி போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அத்தோடு ஊரைக் காலி செய்தது.

இன்னொன்றும் இடிக்கிறது. டேட்டாவை இவ்வளவு குடிக்கப் பழக்கியது யார்? ஐபிஎல்லை 2023இல் இலவசமாக ஓட்டியது ஜியோசினிமா. 2025 மார்ச்சில் 299 ரூபாய் ரீசார்ஜுக்கு ஜியோஹாட்ஸ்டார் 90 நாள் இலவசம். தினம் 2 ஜிபி பிளான் போட்டால் 5ஜி அளவில்லாமல். பந்தியில் உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் இலையை மறைக்க விடாமல் பரிமாறிவிட்டு, சமையல் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் எப்படி? பரிமாறுகிறவர்களில் ஒருவர் கையிலேயே வீடியோக் கடையும் இருக்கிறது.

இப்போது அம்மாவிடம் வருகிறேன், எனக்கு உறுத்துவது அங்கேதான்.

வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மாதம் சராசரியாக 300 ரூபாய் வந்தால்தான் தொழில் தாக்குப்பிடிக்கும் என்று ஏர்டெல்லின் சுனில் மிட்டல் பல காலமாகச் சொல்லி வருகிறார். சராசரியை ஏற்ற இரண்டு வழி. நிறைய இழுப்பவரிடம் கூட வாங்கலாம், அல்லது கீழே இருப்பவரை மேலே தள்ளலாம். இரண்டாவதுதான் சுலபம், ஏனென்றால் கீழே இருப்பவருக்கு நம்பர் போய்விடுமே என்ற பயம். 2018 கடைசியில், மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வருகிற அழைப்பும் நின்றுவிடும் என்று ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் ஆரம்பித்தன. அதற்கு முன் ‘லைஃப்டைம்’ என்று சொல்லி விற்ற சிம்களுக்கும் அதே கதி. 2024 ஜூலையில் அந்தக் குறைந்தபட்சம் ஜியோவில் 189, ஏர்டெல்லில் 199. நியாயமாகச் சொன்னால், 35 ரூபாய்க்கு அளவில்லாத பேச்சு கிடையாது, இப்போது உண்டு. ஆனால் பேசாதவருக்கு அதனால் என்ன?

2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் ஒரு பிளான் வைத்தே ஆக வேண்டும் என்றது. கம்பெனிகள் வைத்தன. எப்படி? ஏர்டெல்லில் 84 நாளுக்கு 6 ஜிபியோடு 509 ரூபாய் இருந்தது. 6 ஜிபியை எடுத்துவிட்டு 499 ஆக்கினார்கள். விமர்சனம் வந்ததும் 469. ஜியோவில் 479க்கு 6 ஜிபியோடு இருந்தது, டேட்டா இல்லாமல் 458 ஆகி, பிறகு 448 ஆனது.

இதை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். ஏர்டெல் கணக்குப்படி 6 ஜிபியின் விலை முதலில் 10 ரூபாய், கூச்சல் வந்தபின் 40 ரூபாய். அப்படியென்றால் மீதி 469 ரூபாய் எதற்கு? சிம் உயிரோடு இருப்பதற்கு. டேட்டாவால்தான் செலவு என்று அரசாங்கத்திடம் அழுகிற அதே ஆள், டேட்டாவே வேண்டாம் என்று வருகிற கிழவியிடம் ‘டேட்டாவுக்கு ஒன்றும் செலவில்லைம்மா’ என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே அரைகுறை உண்மை. நெட்வொர்க் செலவு ஜிபி கணக்கில் ஓடுவதில்லை. அது டவுன் பஸ் மாதிரி. மத்தியானம் காலியாக ஓடும் பஸ்ஸில் இன்னும் பத்துப் பேர் ஏறினால் டீசல் பெரிதாகக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில் தொங்குகிறார்களே, அப்போதுதான் இன்னொரு பஸ் வாங்க வேண்டிவரும். டவருக்கு அந்த ஆறு மணி என்பது ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று. அந்த நேரத்தில் ஊர் முழுக்க வீடியோ பார்ப்பதால்தான் புது டவர், புது அலைக்கற்றை, புது ஃபைபர். என் அம்மா எட்டரைக்குத் தூங்கிவிடுவார். அதே டவரில், அதே தெருவில், அண்ணன் மகன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் 5ஜியில் ரீல்ஸ் பார்க்கிறான். அவன் கட்டுவது அம்மா கட்டுவதைப் போல இரண்டு மடங்குகூட வராது.

அரசாங்கமும் இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் ரீசார்ஜில் ஜிஎஸ்டி மட்டும் 18 சதவீதம், கிட்டத்தட்ட 30 ரூபாய். மிச்சத்தில் 8 சதவீதம் லைசென்ஸ் கட்டணம். அந்த எட்டில் ஐந்து கிராமங்களுக்குத் தொடர்பு கொடுக்கும் நிதிக்குப் போகிறது, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பேர். அந்தப் பணத்தில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல வேலை. ஆனால் வசூலானதில் பெரிய தொகை வருடக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. கிராமத்துக் கிழவி கிராமத்துக்கு டவர் வைக்கக் காசு கொடுக்கிறார், காசு டில்லியில் தூங்குகிறது. அலைக்கற்றையை விற்பதும் அரசாங்கம், வரி வாங்குவதும் அரசாங்கம், பாக்கி கட்ட முடியாத வோடஃபோன் ஐடியாவில் ஏறத்தாழ 49 சதவீதப் பங்கு வைத்திருப்பதும் அரசாங்கம். இப்படி மூன்று வேஷம் போட்டவரிடம் நடுநிலைத் தீர்ப்பு எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

என்னைக் கேட்டால், கட்ட வேண்டியது என்னைப் போன்றவர்கள். தினமும் பஸ்ஸில் போகும்போது ஒன்றரை ஜிபி தீர்த்துவிட்டு, சாயங்காலம் இன்னும் கொஞ்சம் டாப்-அப் போடுகிற ஆள் நான். எனக்கு 50 ரூபாய் கூடினால் திட்டுவேன், ஆனால் கட்டுவேன். அளவில்லாத 5ஜிக்கு ஓர் அளவு வரட்டும். ராத்திரி நேர வேகத்துக்குத் தனி விலை வரட்டும். சிம்மை உயிரோடு வைத்திருக்கும் கட்டணம் மாதம் ஐம்பது அறுபதைத் தாண்டக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டியும் கூடாது.

டேட்டா விலை ஏறினால் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, என்னிடம் முழு பதில் இல்லை. உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கு மேப் அதிகம் தின்னாது, அவர் தப்பித்துவிடுவார். போட்டித் தேர்வுக்கு வீடியோவில் படிக்கிற பெண்ணுக்கு அடி விழும். அந்த நிதியில் தூங்கும் பணத்தை ஊர் நூலகங்களுக்கு நல்ல வைஃபையாக மாற்றலாம் என்று தோன்றுகிறது. டவர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து திருத்துங்கள்.

அடுத்த வட்டம் வருகிறபோது அம்மாவுக்குப் பேச்சு மட்டும் பிளான் போடலாம் என்று சொன்னேன். 84 நாளுக்கு ஒரு தடவை, காலண்டரில் வட்டமாவது குறையும். அவருக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. இப்போது போட்டதில் 2 ஜிபி இருக்கிறது, அதை நீங்கள் தொடப்போவதே இல்லை என்று சொல்லிவைத்தேன்.

“ரேஷன்ல நான் வாங்காத சீனியை மேல வீட்டுக்காரி வாங்கிக்கிடுதா. அந்த மாதிரி இதை நம்ம பயலுக்குக் குடுக்க முடியாதா?”

முடியாதும்மா என்றேன்.