நேர்காணலுக்கு விடைகளை எழுதி மனப்பாடம் செய்பவர்களுக்கு

நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வரும்போது, பெரும்பாலும் கையில் ஒரு வினா விடைத் தொகுப்பு இருக்கிறது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் பலவீனம் என்ன, ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று நாற்பது ஐம்பது கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்தோ எடுத்துச் செப்பனிட்ட ஒரு பத்தியும் அதில் இருக்கும். இந்த உழைப்பில் பெரும்பகுதி வீண் என்பது, மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த என் கருத்து.

தேர்வுக் குழுவில் நான் இருந்த ஒரு நாளில், ஓர் இளைஞர் கோபக்கார வாடிக்கையாளர் ஒருவரைச் சமாளித்த கதையைத் தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் ஒருவர், "அவர் முதலில் எதற்காகக் கோபப்பட்டார்?" என்று கேட்டார். இளைஞர் நிறுத்தினார், விட்டத்தைப் பார்த்தார், பிறகு முதல் வாக்கியத்திலிருந்து, அதே சொற்களில், அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபடியும் தொடங்கினார். அது அவருக்கு உண்மையிலேயே நடந்த சம்பவம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் எழுதி உருப்போட்ட பத்தி, நடந்ததன் நினைவையே ஓரம் தள்ளிவிட்டிருந்தது.

கேள்விகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொண்டால் தயாரிப்பின் திசையே மாறிவிடும். "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும் முறையை உளவியலாளர் கேரி லேத்தமும் அவருடைய சகாக்களும் 1980இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள், "இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கடந்த காலத்தைத் துருவும் முறையை டாம் ஜான்ஸ் 1982இல் ஆராய்ந்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட ஒருவரின் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று, 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் காட்டினார்கள். சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2022இல் அந்தக் கணக்கைத் திருத்தி, கணிப்புத்திறன் எண்களைக் குறைத்தபோதும், தேர்வு முறைகளில் முதலிடத்தில் நின்றது இந்த முறைதான். ஆகவே, எதிரே இருப்பவர் தலைகுனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தால் கலங்க வேண்டாம். மதிப்பெண் தாளில் குறிக்கத்தக்க ஏதாவது உங்கள் பேச்சில் கிடைக்குமா என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார். "நான் கடின உழைப்பாளி" என்ற வாக்கியத்தில் அவருக்குக் குறித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அதனால் கேள்விகளை விட்டுவிட்டுச் சம்பவங்களைச் சேகரிக்கச் சொல்கிறேன். வேலை அறிவிப்பை நிதானமாகப் படித்து, அவர்கள் உண்மையில் எதிர்பார்க்கும் நான்கைந்து திறன்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து ஓரிரு நிகழ்வுகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்; படித்து முடித்த கையோடு வருபவராக இருந்தால் கல்லூரித் திட்டப்பணியோ பகுதிநேர வேலையோ போதும். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், அது சரியானதுதான். ஆனால் பலர் நிலைமையை விளக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, தாம் செய்ததைப் பத்து விநாடியில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கு "நாங்கள்" என்ற சொல்லை விட்டு வெளியே வரவே கூச்சம். அப்படிப் பேசிய ஒரு பெண்ணிடம், "இதில் உங்கள் கை பட்ட இடம் எது?" என்று கேட்டேன். சற்று நேர மௌனத்துக்குப் பிறகு, மூன்று மாதச் சரக்குப் பதிவேட்டை ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு, ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருந்ததைத் தாம்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். கேட்காமலிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

பலவீனம் பற்றிய கேள்விக்கு உண்மையான ஒன்றையும், அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். (விண்ணப்பத்தைப் படிக்காமலேயே வந்து உட்கார்ந்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நேரம் கடத்தும் தேர்வாளர்கள் மீது எனக்குள்ள வருத்தம் தனிக்கதை.)

சேகரித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாளை மூடிவைத்து நினைவுகூர்ந்து பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். முந்தைய நாள் இரவு எல்லாம் மனதில் பதிந்துவிட்டதாகத் தோன்றும் அந்தத் திருப்தியை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழகும்போது குறுக்கிட ஒருவர் இருப்பது இன்னும் நல்லது. அண்மையில் என் அக்கா மகளுக்கு அந்த வேலையை நான் செய்தேன். எழுதி வைத்த பதிலை அவள் ஒப்பிக்கத் தொடங்க, இடையில் இரண்டு முறை நிறுத்தி ஏன், எப்போது என்று கேட்டேன். மூன்றாவது முறை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, நடந்தது இதுதான், கேளுங்கள்," என்று நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் முழுவதையும் சொல்லி முடித்தாள். அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் நேர்காணலுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.